மண்ணீரலின் பிறவி நீர்க்கட்டிகளும் அமைப்புக் குறைபாடுகளும்: படிப்படியான நோயறிதல் வழிகாட்டி

மண்ணீரலில் நீர்க்கட்டி இருப்பது பெரும்பாலும் வேறு காரணத்துக்காக எடுத்த வயிற்று ஸ்கேனில்தான் தற்செயலாகத் தெரியவருகிறது. வலியோ காய்ச்சலோ இல்லாத ஒருவரின் அறிக்கையில் அப்படியொரு கட்டி தென்பட்டவுடன், அது பிறவியிலேயே அமைந்ததாக இருக்கும் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் பழைய அடியால் உண்டான, உட்படலம் இல்லாத பொய்க்கட்டி, நாடாப்புழுவின் நீர்க்கட்டி, கணையத்திலிருந்து பரவிய திரவத் தேக்கம், சீழ்க்கட்டி, அரிதாகப் புற்றுநோயின் பரவல் ஆகிய ஒவ்வொன்றையும் விலக்கிய பிறகே பிறவிக் கட்டி என்ற முடிவை நியாயமாக எட்ட முடியும். அந்த விலக்கலை எந்த வரிசையில் செய்வது என்பதையே இந்த வழிகாட்டி விளக்குகிறது. மருத்துவ மாணவர்களையும் இளம் மருத்துவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தாலும், தம் வீட்டாரின் அறிக்கையைப் புரிந்துகொள்ள விரும்புவோரும் இதைப் பின்தொடரலாம். சிகிச்சை பற்றிய முடிவு நோயாளியை நேரில் பார்த்த மருத்துவருடையது.

படி 1: இயல்பான மண்ணீரலின் வேறுபாடுகளை அறிந்துகொள்ளுதல்

கருவின் ஐந்தாம் வாரத்தில், இரைப்பையின் பின்புறத்தைத் தாங்கும் மடிப்புக்குள் பல சிறு திசுத் திரள்களாகத் தோன்றி, அவை ஒன்றோடொன்று இணைந்தே மண்ணீரல் உருவாகிறது. அதன் பெரும்பாலான அமைப்பு வேறுபாடுகளை இந்த ஒரு செய்தியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். இணையாமல் தனித்து நின்ற திரள் துணை மண்ணீரலாகிறது. முழுமையாக இணையாத இடம் விளிம்பில் பிளவாகவோ மடலாகவோ எஞ்சுகிறது. தாங்கும் மடிப்பு சரியாக ஒட்டாதபோது மண்ணீரல் தன் இடத்தில் நிலைகொள்வதில்லை.

வயது வந்தோரில் மண்ணீரலின் நீளம் பொதுவாக 12 சென்டிமீட்டர் வரை இருக்கும். குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற அட்டவணையோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். மேல் விளிம்பில் காணும் பிளவுகள் சில வேளைகளில் 2 அல்லது 3 சென்டிமீட்டர் ஆழம் வரை போகும். விபத்தில் அடிபட்டவரின் சி.டி. படத்தில் இத்தகைய பிளவைக் கிழிசல் என்று தவறாகப் படிக்க வாய்ப்புண்டு. பிறவிப் பிளவின் ஓரங்கள் மழுமழுவென்று, தெளிவான எல்லையோடு இருக்கும். சுற்றிலும் இரத்தத் தேக்கம் இராது. மண்ணீரலைச் சுற்றி இடப்பக்கமாக நீண்டு படரும் கல்லீரல் மடலும் இதே போல ஏமாற்றும். மண்ணீரலைவிடச் சற்றுக் கருமையாகத் தெரியும் அந்தப் பிறை வடிவத்தை உறைக்கடியில் தேங்கிய இரத்தம் என்று நினைத்துவிடாமல், அதற்குள் ஓடும் கல்லீரல் நாளங்களை, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தேடிப் பார்க்க வேண்டும்.

படி 2: நோய் வரலாறு

இந்தப் படிக்குச் செலவு எதுவும் இல்லை. பலரும் அவசரமாகக் கடந்துவிடுவதும் இதைத்தான். எப்போதாவது இடது விலாப் பக்கத்தில் அடிபட்டதுண்டா என்று கேட்பதோடு நிறுத்தினால் இல்லை என்ற பதிலே வரும். சைக்கிளிலிருந்து விழுந்தது, விளையாட்டில் மோதிக்கொண்டது, மாடு முட்டியது, வண்டி விபத்து என்று தனித்தனியாகக் கேட்கும்போதுதான் பல ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு நினைவுக்கு வரும். ஆயினும் அடிபட்ட வரலாறு இருப்பதாலேயே கட்டி பொய்க்கட்டி ஆகிவிடாது. ஏற்கெனவே இருந்த பிறவிக் கட்டிக்குள் அடிபட்டதால் இரத்தம் கசிந்து, அது வலியோடு வெளிப்படுவதும் உண்டு.

ஆடுகளும் நாய்களும் நெருங்கிப் புழங்கும் மேய்ச்சல் சூழலில் வாழ்ந்ததுண்டா, கணைய அழற்சி வந்ததுண்டா, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், எடைக் குறைவு, முன்பு புற்றுநோய்ச் சிகிச்சை ஆகியவை உண்டா என்பவற்றையும் கேட்க வேண்டும். குழந்தைகளில் பிறவி இதயக் கோளாறு, பித்த நாளக் கோளாறு, அடிக்கடி வரும் கடுமையான தொற்றுகள், குடும்பத்தில் காரணம் தெரியாத குழந்தை மரணம் ஆகியவை முக்கியமானவை.

அறிகுறிகள் கட்டியின் அளவைப் பொறுத்தவை. சிறிய கட்டி எதையும் காட்டாது. பெரியது இடது மேல் வயிற்றில் கனத்தையும், கொஞ்சம் உண்டதுமே வயிறு நிரம்பிய உணர்வையும் தரும். உதரவிதானத்தை உறுத்தினால் இடது தோளில் வலி வரும். சிறுநீரகத்தையோ அதன் தமனியையோ அழுத்தினால் சிறுநீர் தேங்குவதும், அரிதாக இரத்த அழுத்தம் உயர்வதும் உண்டு. திடீர்க் கடும்வலி கட்டி வெடித்ததையோ, உள்ளே இரத்தம் கசிந்ததையோ, மண்ணீரல் முறுக்கிக்கொண்டதையோ குறிக்கலாம். அப்போது நிதானமான ஆய்வுக்கு நேரமில்லை. நோயாளியை உடனே அவசரப் பிரிவில் பார்க்க வேண்டும்.

படி 3: அல்ட்ராசவுண்டில் கட்டி எந்த உறுப்பைச் சேர்ந்தது என்று உறுதிசெய்தல்

இடது மேல் வயிற்றில் உள்ள ஒவ்வொரு நீர்க்கட்டியும் மண்ணீரலைச் சேர்ந்ததல்ல. கணையத்தின் வால்பகுதி, இடது சிறுநீரகத்தின் மேல்முனை, அட்ரீனல் சுரப்பி, குடலைத் தாங்கும் மடிப்பு ஆகிய எல்லாமே அதே இடத்தில் நெருக்கியடித்துக் கிடப்பவை. நீர் நிறைந்த இரைப்பைகூடக் கட்டிபோலத் தோற்றமளிக்கும். நோயாளியைச் சிறிது தண்ணீர் குடிக்கச் சொல்லி மறுபடி பார்த்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மூச்சை உள்ளிழுக்கும்போது கட்டி மண்ணீரலோடு ஒன்றாக இறங்குகிறதா, அல்லது இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். கட்டி மண்ணீரலுக்குள்ளிருந்தே வளர்ந்திருந்தால், அதன் விளிம்பில் மண்ணீரல் திசு பறவை அலகுபோலக் கூர்மையாக அதைக் கவ்வியிருக்கும். வெளியிலிருந்து அழுத்தும் கட்டியானால் மண்ணீரலின் விளிம்பு மழுங்கி உள்வாங்கியிருக்கும். குழந்தைகளில் சுவர் இரட்டை அடுக்காகத் தெரிந்தால், உணவுக்குழாயோ இரைப்பையோ குடலோ இரட்டித்ததால் வந்த கட்டியை நினைக்க வேண்டும்.

அடுத்தது கட்டியின் உட்புறம். தெளிந்த நீர் முழுக் கருமையாகத் தெரியும். அதன் பின்புறம் ஒளிர்ந்திருக்கும். செதிள் செல்களாலான உட்படலம் கொண்ட பிறவிக் கட்டியான எபிடெர்மாய்டு கட்டியில் கொலஸ்ட்ரால் படிகங்களும் பழைய இரத்தமும் மிதப்பதால், உள்ளே நுண்ணிய புள்ளிகள் நிறைந்து, சில வேளைகளில் திடக்கட்டியோ என்று ஐயுறும்படி இருக்கும். நோயாளியைப் புரண்டு படுக்கச் செய்து அந்தப் புள்ளிகள் இடம்பெயர்கின்றனவா என்று பார்ப்பதும், உள்ளே இரத்த ஓட்டம் எதுவும் இல்லை என்பதை டாப்ளரில் உறுதிசெய்வதும் இங்கே பெரிதும் உதவும். உட்சுவரில் மேடுபள்ளமான வரப்புகள் தெரிந்தால் அது பிறவிக் கட்டிக்குச் சாதகமான அடையாளம். சுவரில் சுண்ணாம்புப் படிவு தெரிவது பழைய இரத்தத் தேக்கத்தையும் நாடாப்புழுக் கட்டியையும் முதலில் நினைவூட்ட வேண்டும். ஆயினும் பிறவிக் கட்டியிலும் அது இருக்கலாம்.

படி 4: ஊசி குத்தும் முன் நாடாப்புழுக் கட்டியை விலக்குதல்

இந்தப் படியில் சமரசத்துக்கு இடமில்லை. எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் இளம்பருவம் உண்டாக்கும் ஹைடாட்டிட் கட்டி பெரும்பாலும் கல்லீரலிலும் நுரையீரலிலும் தங்கும். மண்ணீரலில் அரிதாகவே காணப்படும். ஆனால் அரிது என்று எண்ணிச் சோதனைக்காக ஊசியால் நீரெடுக்க முயன்றால், கசியும் திரவம் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை அதிர்ச்சியை ஏற்படுத்தலாம். புழுவின் முளைகள் வயிற்றறை முழுவதும் சிதறிப் பல புதிய கட்டிகளாக வளரவும் கூடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இக்கட்டிகளை அல்ட்ராசவுண்ட் தோற்றத்தைக் கொண்டு ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. பெரிய கட்டிக்குள் தேனடைபோல அடுக்கிய சேய்க்கட்டிகள் தெரிந்தாலோ, உட்படலம் கழன்று நீரில் மிதந்தாலோ ஐயம் பெருமளவு தீர்ந்துவிடும். சிக்கலானது முதல் நிலைதான். அது ஒற்றை அறையோடு, தெளிந்த நீரோடு, பிறவிக் கட்டியைப் போலவே இருக்கும். அதன் சுவரில் இரட்டைக் கோடு தெரிகிறதா என்றும், புரண்டு படுக்கும்போது அடியில் மணல்போல ஏதேனும் கலங்கி எழுகிறதா என்றும் பொறுமையாகத் தேட வேண்டும். கல்லீரலை முழுமையாக ஸ்கேன் செய்வதும், மார்பு எக்ஸ்ரே எடுப்பதும், இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை செய்வதும் உடன் நடக்க வேண்டியவை. எதிர்ப்பொருள் இல்லை என்று வரும் முடிவை மட்டும் நம்பிவிடக் கூடாது. கல்லீரலுக்கு வெளியே உள்ள, உடையாத கட்டிகளில் அது பொய்யாக இல்லை என்று வருவது தெரிந்ததே.

படி 5: சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும்

சி.டி.யில் கவனிக்க வேண்டிய முதல் செய்தி படம் எடுக்கும் நேரம். படத்தில் திசுக்களை ஒளிரச் செய்யும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திய சில நொடிகளிலேயே எடுக்கும் தமனிக் கட்டப் படத்தில் இயல்பான மண்ணீரலே வரிக்குதிரைபோலப் பட்டை பட்டையாகத் தெரியும். இல்லாத கட்டிகளை இருப்பதாகக் காட்டும். ஆகவே ஏறக்குறைய 70 நொடிகளுக்குப் பின் எடுக்கும் சிரைக் கட்டப் படத்தைக் கொண்டே முடிவுக்கு வர வேண்டும். எளிய நீர்க்கட்டியின் அடர்த்தி தண்ணீரை ஒட்டியிருக்கும். மருந்து செலுத்திய பின்னும் உட்பகுதியோ சுவரோ ஒளிராது. சுவரின் சுண்ணாம்புப் படிவைக் காட்டுவதில் சி.டி.க்கு நிகரில்லை.

எம்.ஆர்.ஐ.யின் பயன் உள்ளிருக்கும் திரவத்தின் தன்மையை அறிவதில் இருக்கிறது. தெளிந்த நீர் டி1 படத்தில் கருமையாகவும் டி2 படத்தில் வெண்மையாகவும் தெரியும். இரத்தமோ மிகுந்த புரதமோ கலந்திருந்தால் டி1 படத்திலும் வெளுக்கும். குழந்தைகளைக் கதிர்வீச்சிலிருந்து காக்க, வசதி இருக்கும் இடத்தில் எம்.ஆர்.ஐ.யையே தேர்ந்தெடுப்பது நல்லது. பிறந்த சில நாள் குழந்தையின் மண்ணீரல் எம்.ஆர்.ஐ.யில் பெரியவர்களுடையதைப் போலத் தெரியாது. அதன் வெண்கூழ் (நிணநீர் அணுக்கள் திரண்ட பகுதி) இன்னும் முதிராததால் கல்லீரலின் நிறத்தையே ஒத்திருக்கும்.

உறையை ஒட்டி, மெல்லிய தடுப்புகளோடு, கொத்தாகப் பல சிறு அறைகள் தெரிந்தால் அது லிம்பாஞ்சியோமாவாக இருக்கலாம். இதுவும் பிறவி அமைப்புக் கோளாறே. ஆனால் நிணநீர் நாளங்களிலிருந்து வருவது. கழுத்திலும் மார்பிலும் எலும்புகளிலும் இதே கோளாறு உண்டா என்று தேட வேண்டும். ஒளிரும் முடிச்சுகளோ தடித்த ஒழுங்கற்ற சுவரோ தென்பட்டால் இந்த வழிகாட்டியின் பாதையை விட்டு விலகி, புற்றுநோய்க்கான ஆய்வுக்குச் செல்ல வேண்டும்.

படி 6: சி.ஏ. 19-9 என்னும் பொறி

பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இடது வயிற்றுக் கனத்தோடு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேனில் மண்ணீரலின் மேல்முனையில் 9 சென்டிமீட்டர் அளவில் ஒற்றை நீர்க்கட்டி, உட்சுவரில் வரப்புகள், உள்ளே மிதக்கும் நுண்புள்ளிகள், அடிபட்ட வரலாறு இல்லை, கல்லீரலும் நுரையீரலும் சுத்தம். யாரோ எழுதிக்கொடுத்த இரத்தச் சோதனையில் சி.ஏ. 19-9 என்னும் புற்றுநோய்க் குறிகாட்டியின் அளவு இயல்பைவிடப் பல மடங்கு உயர்ந்திருக்கிறது. இணையத்தில் அந்தப் பெயரைத் தேடிய பெற்றோர் கணையப் புற்றுநோய் என்று படித்துவிட்டு நிலைகுலைந்து நிற்கிறார்கள்.

உண்மையில் இந்த உயர்வு எபிடெர்மாய்டு கட்டியின் பக்கமே சாய்கிறது. அதன் உட்படலச் செல்கள் சி.ஏ. 19-9, சி.இ.ஏ. என்னும் இரு குறிகாட்டிகளையும் சுரக்கவல்லவை. கட்டிக்குள் அவற்றின் செறிவு மிக அதிகமாக இருக்கும். அழுத்தம் கூடும்போதோ கட்டி கசியும்போதோ இரத்தத்திலும் உயரும். கட்டியை முழுமையாக அகற்றிய பின் அளவு இறங்கி இயல்புக்கு வந்துவிடும். எனவே ஸ்கேன் தோற்றம் சாதுவாக இருக்கையில், இந்த எண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு புற்றுநோயைத் தேடி அலைவது வீண். மறுபுறம், அளவு இயல்பாக இருப்பது எபிடெர்மாய்டை விலக்காது. மக்களில் ஒரு சிறு பகுதியினர் தம் இரத்த வகை அமைப்பின் காரணமாக சி.ஏ. 19-9-ஐ உற்பத்தி செய்வதே இல்லை. முதற்கட்டத்திலேயே இந்தச் சோதனையை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அறுவைக்கு முன் அளந்து வைத்துக்கொண்டால், பின்னாளில் கட்டி திரும்ப வளர்கிறதா என்பதைக் கண்காணிக்க உதவும், அவ்வளவே.

படி 7: வடிவத்திலும் இடத்திலும் எண்ணிக்கையிலும் வரும் குறைபாடுகள்

துணை மண்ணீரல் இவற்றுள் மிகப் பரவலானது. பிணக்கூறாய்வுகளில் 10 முதல் 30 சதவீதம் பேரிடம் காணப்படுகிறது. பெரும்பாலும் மண்ணீரலின் நாள வாயிலருகே, ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் அளவில், வழுவழுப்பான உருண்டையாக இருக்கும். அடுத்தபடியாகக் கணைய வாலில் வரும்போதுதான் தொல்லை. கணையத்தின் நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து வரும் கட்டி) என்று கருதி அறுவை வரை போய்விடலாம். எல்லாக் கட்டப் படங்களிலும் அது மண்ணீரலைப் போலவே ஒளிர்கிறதா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஐயம் நீடித்தால், வெப்பத்தால் சிதைத்த சிவப்பணுக்களில் டெக்னீசியம் ஏற்றிச் செலுத்தும் கதிரியக்க ஸ்கேன் விடை தரும். அத்தகைய அணுக்களைப் பிடித்துவைப்பது மண்ணீரல் திசுவின் சிறப்பியல்பு. கணையத்துக்குள் உள்ள துணை மண்ணீரலுக்குள்ளேயே எபிடெர்மாய்டு கட்டி தோன்றுவதும் உண்டு. கணைய வாலில் நீர்க்கட்டியும் உயர்ந்த சி.ஏ. 19-9-உம் சேர்ந்து வரும்போது அதைச் சுற்றியுள்ள திடப்பகுதி மண்ணீரலைப் போல ஒளிர்கிறதா என்று பார்ப்பவர்கள் சிலரே. இரத்த நோய்க்காக மண்ணீரலை அகற்றியவருக்கு நோய் மீண்டும் தலைதூக்கினால், விட்டுப்போன துணை மண்ணீரல் பெருத்துவிட்டதா என்று தேட வேண்டும்.

அலையும் மண்ணீரலில் தாங்கும் தசைநார்கள் இல்லாமலோ தளர்ந்தோ இருப்பதால், நீண்ட நாளக் காம்பில் தொங்கியபடி மண்ணீரல் அடிவயிறு வரைகூட இறங்கிவிடும். விட்டுவிட்டு வயிற்றுவலி, இடம் மாறும் கட்டி, இடது மேல் வயிற்றில் மண்ணீரல் காணாத வெற்றிடம் ஆகியவை சேர்ந்து வந்தால் இதை நினைக்க வேண்டும். காம்பு முறுக்கிக்கொண்டால் சி.டி.யில் நாளங்கள் சுழல்போலச் சுருண்டு தெரியும். மருந்து செலுத்தியும் மண்ணீரல் ஒளிராது. படுத்த நிலையில் ஒருமுறையும் நின்ற நிலையில் ஒருமுறையும் டாப்ளர் ஸ்கேன் செய்தால் முறுக்கு நேரும் முன்பே இதைப் பிடிக்க முடியும்.

மண்ணீரல் இன்மையும் பல மண்ணீரல் நிலையும் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. உடலின் இட-வலப் பகுப்பே கருவில் குழம்பியதன் ஒரு பகுதியாக அவை அமைகின்றன. இரு பக்கமும் வலப்பக்கம் போலவே அமையும்போது மண்ணீரல் இராது. கடுமையான நீலம்பாரித்தல் வகை இதயக் கோளாறு உடனிருக்கும். இரு பக்கமும் இடப்பக்கம் போல அமையும்போது பல சிறு மண்ணீரல்கள் இருக்கும். கீழ்ப்பெருஞ்சிரை இடையில் அறுபட்டு, இரத்தம் அசைகோஸ் சிரை வழியே போகும். குடல் சுழற்சிக் கோளாறும், சில குழந்தைகளில் பித்த நாள அடைப்பும் சேரும். ஆகவே பித்த நாள அடைப்போடு பிறந்த குழந்தைக்கு மண்ணீரல்களை எண்ணிப் பார்ப்பதும், பல மண்ணீரல் கண்ட குழந்தைக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பதும் கட்டாயம்.

ஸ்கேனில் மண்ணீரல் தெரியாதபோது இரத்தப் பூச்சில் ஹோவெல்-ஜாலி துகள்களைத் தேட வேண்டும். மண்ணீரல் வேலை செய்யாததால் வடிகட்டப்படாமல் சிவப்பணுக்களுக்குள் எஞ்சும் உட்கருவின் (நியூக்ளியஸ்) துணுக்குகள் அவை. பிறந்த முதல் நாள்களில் இயல்பான குழந்தையிடமும் இவை காணப்படலாம் என்பதால், ஒரு வாரத்துக்குப் பின் மறுபடி பார்ப்பது நல்லது. இதயக் கோளாறு எதுவுமின்றி மண்ணீரல் மட்டும் இல்லாத குடும்பங்களும் உண்டு; அவற்றுட் பலவற்றில் ஆர்.பி.எஸ்.ஏ. மரபணுவில் மாற்றம் கண்டறியப்பட்டுள்ளது. அத்தகைய குழந்தை நன்றாகவே வளர்ந்து, திடீரென நியூமோகாக்கஸ் தொற்றால் சில மணி நேரத்தில் உயிரிழக்கக்கூடும். எனவே ஐயம் எழுந்தவுடனேயே, உறுதியாகும் வரை காத்திராமல், நியூமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சா பி) தடுப்பூசிகளையும் தடுப்பு பென்சிலினையும் பற்றி முடிவெடுக்க வேண்டும். உடன்பிறந்தோரையும் ஸ்கேன் செய்ய வேண்டும்.

மண்ணீரல் திசு இடது விரையோடு ஒட்டி வளர்வது மிக அரிய குறைபாடு. 1883-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. விரையில் புற்றுக்கட்டி என்று கருதி, தேவையின்றி விரையையே அகற்றியதாக மருத்துவ இலக்கியத்தில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. சிறுவனின் இடது விரைப்பையில் வலியற்ற கட்டியும், உடன் கைகால் குறைபாடோ சிறுத்த தாடையோ இருந்தால், அறுவைக்கு முன் கதிரியக்க ஸ்கேனும், அறுவையின்போது திசுவை உறையவைத்து உடனே பார்க்கும் உறைவெட்டுச் சோதனையும் விரையைக் காப்பாற்றக்கூடும்.

படி 8: கருவிலும் பிறந்த குழந்தையிலும்

கர்ப்பத்தின் பிற்பகுதி ஸ்கேனில், கருவின் இரைப்பைக்குப் பின்புறம் சிறிய நீர்க்கட்டி தெரிந்தால் அது மண்ணீரலைச் சேர்ந்ததாக இருக்கலாம். பெண் கருவில் சூலகக் கட்டி மேலெழுந்து வந்ததா, அட்ரீனல் சுரப்பியில் இரத்தம் கசிந்ததா, சிறுநீரகத்தின் மேல்பாதி வீங்கியதா என்பவற்றை முதலில் விலக்க வேண்டும். கருவில் கண்ட மண்ணீரல் கட்டிகள் பல பிறந்த பிறகு தாமாகவே சுருங்கி மறைகின்றன. எனவே பெற்றோரிடம் அறுவை பற்றிப் பேச அவசரம் வேண்டாம். பிறந்தபின் ஒரு ஸ்கேனும், பிறகு சில மாத இடைவெளியில் தொடர் ஸ்கேனும் போதும்.

படி 9: திசு ஆய்வும் கண்காணிப்பும்

1958-இல் மார்ட்டின் முன்வைத்த வகைப்பாடு இன்றும் அடிப்படையாக இருக்கிறது: உட்படலம் உள்ளது மெய்க்கட்டி, இல்லாதது பொய்க்கட்டி. ஆனால் அழுத்தத்தாலும் இரத்தக் கசிவாலும் பிறவிக் கட்டியின் உட்படலம் பெரும்பகுதி உதிர்ந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகவே எஞ்சியிருக்கும். சுவரின் ஒரே ஒரு துண்டை மட்டும் பார்த்துவிட்டுப் பொய்க்கட்டி என்று எழுதப்பட்ட அறிக்கை நம்பத்தக்கதல்ல. வரப்புகள் தெரியும் இடங்களிலிருந்து பல துண்டுகள் எடுக்க வேண்டும். தேவையானால் சைட்டோகெரட்டின் சாயமேற்றி எஞ்சிய செல்களைத் தேட வேண்டும். அடுக்குச் செதிள் செல்கள் இருந்தால் எபிடெர்மாய்டு. தட்டையான ஒற்றை வரிசைச் செல்கள் கால்ரெட்டினின் சாயம் ஏற்றால் மீசோதீலியக் கட்டி. முடியும் தோல் சுரப்பிகளும் சேர்ந்த டெர்மாய்டு மிக மிக அரிது. கட்டியின் கூரையை மட்டும் வெட்டி நீரை வடித்த அறுவையில், எஞ்சிய உட்படலத்திலிருந்து கட்டி மீண்டும் வளர்வது அடிக்கடி நேர்கிறது. அறுவை அறிக்கையில் சுவரின் எவ்வளவு பகுதி உள்ளேயே விடப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டியது இதனால்தான்.

அறுவையின்றிக் கவனித்துவரும் கட்டிகளுக்கு 5 சென்டிமீட்டர் என்ற எல்லை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அதற்கு மேற்பட்டவை வெடிக்கவும் இரத்தம் கசியவும் அதிக வாய்ப்புள்ளவை என்பது அதன் அடிப்படை. அந்த எல்லைக்கான சான்று வலுவானதல்ல. வலியோ வளர்ச்சியோ இல்லாத பெரிய கட்டியை ஸ்கேன் மூலம் தொடர்ந்து பார்த்துவருவதும் இன்று ஏற்கப்படுகிறது. தொடர் ஸ்கேன்களில் மூன்று திசை அளவுகளையும் ஒரே முறையில் அளந்து எழுத வேண்டும். முதல் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், மாற்றம் இல்லையென்றால் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். கட்டி வளர்ந்தாலோ, சுவர் தடித்தாலோ, புதிதாக வலி தோன்றினாலோ மறுபடியும் நான்காம் படியிலிருந்து தொடங்க வேண்டும். கட்டி உள்ளவரை, மோதலுக்கு இடமுள்ள விளையாட்டுகளைப் பற்றி நோயாளியிடம் தெளிவாகப் பேசி, அதைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும்.